ஊட்டி, மாஞ்சோலைல அவ்வளவு குளிருது, ஆனா காஷ்மீர் மாதிரி பனி ஏன் கொட்ட மாட்டேங்கு?

குளிர் மட்டும் இருந்தா பத்தாதுங்க. திருநெல்வேலி டவுன் கடல் மட்டத்துல இருந்து 50 மீட்டர் உயரத்துலதான் இருக்கு, மார்கழில தாமிரபரணி மேல மூட்டம் நிக்கும், புல்லு நனைஞ்சு கெடக்கும், அவ்வளவுதான். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும், அதான் மாஞ்சோலைல ஸ்வெட்டர் தேடுதோம்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், ஜனவரில வானம் தெளிவா இருக்குற ராத்திரில தரைச்சூடு மொத்தமும் மேல போயிரும், விடியக்காலம் பாத்தா புல்லு நுனியெல்லாம் உப்பு தூவுன மாதிரி வெள்ளையா இருக்கும், ஆனா அது மேல இருந்து விழுந்தது இல்ல, தரைகிட்ட உள்ள ஈரம் அங்கனயே உறைஞ்சது. பனி கொட்டணும்னா மேகமும் வேணும், அது தரைக்கு வார வரைக்கும் உருகாத அளவுக்கு காத்தும் குளிரா இருக்கணும். இங்க மேகம் வந்தாலே ராத்திரிச் சூடு வெளிய போகாது, குளிர் குறைஞ்சிரும், மழைதான் பெய்யும்.

காஷ்மீருக்கு குளிர்காலத்துல மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரக்காத்து வருது, அங்க ஏற்கனவே கடுங்குளிரு, அதான் குல்மார்க்ல அப்படிக் குவியுது. லடாக்ல இருக்குற லே நகரம் இன்னும் உயரம், 3,500 மீட்டர், குளிரும் ஜாஸ்தி, ஆனா ஈரத்தை இமயமலை மறிச்சிருது, அதனால பனி கம்மிதான். தென்மேற்குப் பருவமழை குற்றாலத்துல கொட்டிட்டு பாளையங்கோட்டைக்கு வெறுங்காத்தா வருதுல்லா, அதே சங்கதிதான்.