அச்சு எடுத்தால் சிலை ஆகிவிடுமா?

கேள்வி: பிரெஞ்சுச் சிற்பி ஊதோன், பெரிய மனிதர்களின் முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்துத்தான் சிலை செய்தார் என்று படித்தேன். அச்சு எடுக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்துவிடலாமே. அவரை ஏன் மேதை என்கிறார்கள்?

பதில்: அச்சு எடுத்தது உண்மை. ஆனால் பிளாஸ்டர் பூசும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துவிட்டீர்கள். மூக்கு எவ்வளவு நீளம், தாடை எவ்வளவு அகலம் என்று அச்சு சொல்லும். அந்த மனிதர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்லாது. ழான் அந்துவான் ஊதோனின் மேதைமை அந்தக் கண்களில்தான் இருக்கிறது.

அவருக்கு முன்பு பலர் விழியை வழவழப்பாக விட்டுவிட்டார்கள், அல்லது மேலோட்டமாகக் கீறினார்கள். இவர் கருவிழியை ஆழமாகக் குடைந்து, ஒரு சின்னத் துணுக்குப் பளிங்கை மட்டும் வெட்டாமல் விட்டார். குழி நிழலாகிவிடும், துணுக்கில் வெளிச்சம் விழும். கல் உங்களைப் பார்ப்பதுபோல இருக்கும். 1778-இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அவர் முன் வந்து உட்கார்ந்தார். பல் போய் உள்வாங்கிய வாய், சுருங்கிய கழுத்து எதையும் ஊதோன் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கிழவரின் கண்ணில் குறும்பு அப்படியே இருக்கிறது. இசையமைப்பாளர் க்ளூக்கின் முகத்தில் அம்மைத் தழும்புகளைக்கூட விட்டுவைத்தார்.

சும்மா வந்த திறமை அல்ல இது. 1741-இல் வெர்சாயில் பிறந்தவர். தந்தை ஒரு கலைப் பள்ளியில் காவலாளி வேலை பார்த்ததால், சிற்பம் பயிலும் மாணவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்தார். 1761-இல், இளம் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் ரோம் பரிசு பெற்று இத்தாலி போனார். அங்கே பிணங்களை அறுத்துத் தசைகளைப் படித்தார். 1767-இல் அவர் செய்த தோலுரித்த மனித உருவத்தின் பிரதிகளைப் பார்த்துத்தான் பல தலைமுறை ஓவிய மாணவர்கள் உடற்கூறு கற்றார்கள்.

அப்புறம் அமெரிக்கத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் சிலை. வர்ஜீனியா மாநிலம் அதைச் செய்யத் தீர்மானித்தபோது, பார்த்துச் செய்வதற்காக ஓர் ஓவியத்தை பாரிசுக்கு அனுப்பினார்கள். ஊதோன் அது போதாது, ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றார். 1785-இல் பெஞ்சமின் பிராங்க்ளினோடு கப்பல் ஏறினார். கடல் பயணத்தில் உயிருக்கு ஆபத்து என்று பாரிசில் இருந்த அமெரிக்கத் தூதர் ஜெஃபர்சன் ஊதோனுக்கு ஆயுள் காப்பீடுகூட எடுத்தார். கருவிகள் வந்து சேரவில்லை, பிலடெல்பியாவில் புதிதாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் வீட்டில் ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கினார். அச்சு எடுத்தார், உடம்பை அளந்தார், களிமண்ணில் மார்பளவுச் சிலையும் செய்தார். அச்சு மட்டும் போதும் என்றால், அமெரிக்காவிலேயே யாரையாவது எடுக்கச் சொல்லி வரவழைத்திருக்கலாம். இத்தனை பாடு எதற்கு? அந்தப் பளிங்குச் சிலை இன்றும் ரிச்மண்ட் நகரச் சட்டமன்றக் கட்டடத்தில் நிற்கிறது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஊதோனுக்கு வேலை குறைந்தது. நெப்போலியன் காலத்தில் செய்தவை என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. 1828-இல் இறந்தார்.

இன்னும் சந்தேகம் இருந்தால் தத்துவவாதி ரூசோவின் மார்பளவுச் சிலையைப் பாருங்கள். 1778 ஜூலையில் ரூசோ இறந்த மறுநாள், அவர் இறந்த ஊரான எர்மெனோன்வில் போய் ஊதோன் எடுத்த அச்சிலிருந்து பிறந்தது அது. சிலையில் ரூசோ விழித்துப் பார்க்கிறார். செத்தவர் முகத்தில் எடுத்த அச்சில் அந்தப் பார்வை எங்கே இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.