மகள்களின் வீடு: ஒரு கீழக்கரைக் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீழக்கரையில் எங்கள் உம்மா பிறந்த வீட்டின் தலைவாசல் நிலையில் 1291 என்று அரபி எண்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. சங்கு வியாபாரம் செய்த முப்பாட்டனார் கட்டியது என்கிறார்கள். ஆனால் கிடைத்த இரண்டு பத்திரங்களிலும் பெண்களின் பெயர்களே உள்ளன. அவர் பெயரை எங்கே தேடுவது? வீட்டை இடித்துக் கட்டும் பேச்சும் நடக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிலையில் இருப்பது இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு. 1874 பிப்ரவரியில் தொடங்கியது.

அந்தப் பெண்களின் பெயர்கள் முதல் உரிமையாளரை மறைக்கின்றன என்று நீங்கள் கருதுகிறீர்கள். உரிமையாளர்களே அவர்கள்தாம் என்பது என் எண்ணம். காயல்பட்டினத்தைப் போலவே கீழக்கரையிலும் மணமான மகள் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை; மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறார், வீடு மகளுக்கு உரியதாகிறது. காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரை ஞானி தைக்கா சாகிபின் மகளை மணந்து இங்கேயே தங்கிய பேரறிஞர், மாப்பிள்ளை லெப்பை என்ற பெயராலேயே இன்றும் நினைக்கப்படுகிறார். உங்கள் முப்பாட்டனார் இவ்வீட்டை மகளுக்காகக் கட்டியிருந்தால், அவர் வாழ்ந்தது தம் மனைவியின் வீட்டில். இந்த வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லாதது இயல்பே.

பத்திரப் பதிவு 1865இல் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஆனால் வாய்மொழியாகச் சொல்லி, கையில் ஒப்படைத்தாலே முஸ்லிம்களின் ஹிபா, அதாவது கொடை, செல்லும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் அதற்குப் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே தாயிடமிருந்து மகளுக்குப் போன இரண்டு மூன்று தலைமுறைகள் எந்த ஏட்டிலும் ஏறாமல் போயிருக்கும். ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேடுகளும், வீட்டுப் பெட்டிகளில் அரபுத்தமிழில் (அரபி எழுத்தில் எழுதும் தமிழில்) எழுதிய கடிதங்கள் இருந்தால் அவையும், பத்திரங்களைவிட அதிகம் சொல்லும். கடல் கடந்து போன ஆண்கள் யாருக்கு எழுதினார்கள் என்று பாருங்கள். வீடு யாருடையது என்பது தெரிந்துவிடும்.

இடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரை பெயர்ந்த இடத்தில் தேனடை போலத் துளைகள் கொண்ட வெளிறிய கல் தெரிந்தால் அது மன்னார் வளைகுடாவின் பவளக்கல். அதை வெட்டியெடுத்துக் கட்டுவது இக்கடற்கரையின் பழைய வழக்கம். பவளப்பாறைகள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டதால், இடித்த சுவரை அதே கல்லால் இனி யாரும் எழுப்ப முடியாது. தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். வீட்டில் மூத்த பெண்மணி ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள். எந்த மகளின் கல்யாணத்தில் இந்த வீடு கொடுக்கப்பட்டது என்று கேட்டு, அவருடைய உம்மாவின் பெயரிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு போங்கள்.