போர்ட் திறந்தாகிவிட்டது, ஆனாலும் வெளியூரிலிருந்து வீட்டுக் கேமரா தெரியவில்லையா?

கேள்வி: காரைக்குடி வீட்டில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். நான்கு கேமரா, அவற்றின் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டி ஒன்று. ஃபைபர் நெட் கொடுத்தவர்கள் வைத்த பெட்டி ஒன்று, சிக்னலுக்காக நான் வாங்கி மாட்டிய ரூட்டர் ஒன்று. என் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை டிவிஆருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டுவிட்டேன். வீட்டு வைஃபையில் படம் வருகிறது, கோவையில் மொபைல் நெட்டில் திறந்தால் வரவில்லை. டிஎம்இசட் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம், டிஎம்இசட் பக்கம் போகாதீர்கள். அதைப் போட்டால் டிவிஆரின் எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் வெளியே திறந்து வைத்த மாதிரி. அதோடு, உங்கள் பிரச்சினை அதனால் தீரப்போவதும் இல்லை, ஏனென்றால் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரூட்டர் வரைக்கும் வந்து சேருகிறதா என்பதையே நாம் இன்னும் பார்க்கவில்லை.

முதலில் அதைப் பார்ப்போம், ஐந்து நிமிட வேலை. அடுத்த முறை காரைக்குடி போகும்போது உங்கள் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்) ஸ்டேட்டஸ் பகுதியில் வான் ஐபி (ரூட்டரின் வெளிப்பக்க முகவரி எண்) என்று என்ன காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே வைஃபையில் இருந்தபடி, போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, என் ஐபி என்ன என்று கூகுளில் தேடி, வெளியுலகத்துக்குத் தெரியும் ஐபிவி4 எண்ணையும் அதன் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒன்றா, வேறா? எல்லாமே இந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது.

இரண்டு பெட்டி இருப்பதால் உங்களுடைய வான் ஐபி 192.168 என்று தொடங்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அது உங்களுக்கு நெட் கம்பெனி கொடுத்த எண் இல்லை, அவர்கள் வைத்த ஓஎன்டி பெட்டி உங்கள் ரூட்டருக்குக் கொடுத்த எண். வீட்டுக்கு வெளி கேட், உள் கதவு என்று இரண்டு இருக்க, நீங்கள் உள் கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள், கேட் பூட்டியே இருக்கிறது. இதற்கு டபுள் நாட் என்று பெயர்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (சிக்னலை மட்டும் அப்படியே கடத்தும் நிலைக்கு) மாற்றி, பிபிபிஓஇ (நெட் கம்பெனியில் லாகின் செய்யும் முறை) யூசர் நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (லைனில் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) எல்லாவற்றையும் உங்கள் ரூட்டரில் போடுவது ஒன்று. இதை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விலான் எண்ணில் ஒரு இலக்கம் தப்பினாலும் நெட் வராது, லேண்ட்லைன் போன் அதே பெட்டியில் இருந்தால் அதன் அமைப்பைத் தெரியாமல் அழித்துவிட்டு அப்பா அம்மாவுக்குப் போனும் இல்லாமல் போய்விடும். இன்னொரு வழி, உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றிவிடுவது. அப்போது அது வைஃபை மட்டும் கொடுக்கும், ஐபி பிரித்துக் கொடுக்கும் வேலையை ஓஎன்டி பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டிவிஆரில் பழைய ஐபியைக் கையால் பதித்து வைத்திருந்தால், உதாரணமாக 192.168.0.50 என்று, மோடு மாற்றியதும் வீட்டுக்குள்ளேயே படம் நின்றுவிடும். டிவிஆர் மெனுவில் டிஹெச்சிபிக்கு (ஐபியைத் தானாக வாங்கிக்கொள்ளும் முறைக்கு) மாற்றிவிட்டு, ஓஎன்டியில் அதன் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்ணுக்கு) ஒரு நிலையான ஐபியை ஒதுக்கிவிடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தபின் ஓஎன்டியின் வான் ஐபியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரைக்குள் ஏதாவது தொடங்கினால் வேலை வேறு மாதிரி. சில இடங்களில் 10 என்று தொடங்கும், அதுவும் இதே கதைதான். இந்த எண்ணைப் பார்க்காமல் ஒரு நண்பர் வீட்டில் ஒரு சாயங்காலம் முழுக்க போர்ட் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டோம். கடைசியில் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தால் 100.72 என்று நின்றது. அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் இந்த எண்ணைத்தான் கேட்கிறேன்.

காரணம் இதுதான். ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலக அளவில் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் நெட் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகின்றன, அதற்காகவே 100.64 தொகுதியை 2012-இல் தனியாக ஒதுக்கினார்கள். இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். பெரிய அபார்ட்மெண்டுக்கு ஒரே தெரு முகவரி இருப்பது போல. உள்ளேயிருந்து நீங்கள் கேட்டு வரவழைத்த பார்சலை வாட்ச்மேன் சரியாகக் கொண்டுவந்து கொடுப்பார், கதவு எண் இல்லாமல் தானாக வரும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வாட்ச்மேன் கம்பெனியின் ஆள். உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அவருக்குத் தெரியாது.

இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்து, பொது ஐபி உங்களுக்கே இருந்தாலும் டிவிஆரின் போர்ட்டை நேராக வெளியே திறக்காதீர்கள் என்றே சொல்வேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித்தேடிப் பிடித்தது. கையில் வைத்திருந்தது அறுபது சொச்சம் யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அந்த அக்டோபரில் டின் என்ற டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. அதில் மாட்டிய வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் டிவிஆர் என்ன செய்தது என்றே தெரிந்திருக்காது. உங்கள் விஷயத்தில் திரையில் தெரிவது அப்பா அம்மா இருக்கும் வீடு.

அப்போது எப்படித்தான் பார்ப்பது? எளிய வழி, டிவிஆர் கம்பெனியின் சொந்த ஆப்பில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து இணைப்பது. அதில் டிவிஆரே வெளியே போய் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொள்வதால் சிஜிநாட், டபுள் நாட் எதுவும் தடையில்லை. பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள், ஃபர்ம்வேரை (டிவிஆருக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள். உங்கள் படம் இன்னொருவர் சர்வரை நம்பிப் போகிறதே என்று மனசு ஒப்பவில்லையென்றால் விபிஎன்தான் (வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையப் பூட்டிய தனி வழி) நல்லது. பொது ஐபி இருந்து, ஓஎன்டியோ ரூட்டரோ ஒயர்கார்டு என்ற விபிஎன்னைத் தாங்குமானால் அதற்கு மட்டும் ஒரு யுடிபி போர்ட் போதும் (வழக்கமாக 51820). சரியான சாவி இல்லாத யார் தட்டினாலும் அது பதிலே தராது. சிஜிநாட் என்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை. வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலோ சாதாரணக் கம்ப்யூட்டரிலோ போட்டு, வீட்டு நெட்வொர்க்குக்கு வழி விடும்படி அமைத்துவிட்டால், கோவையில் உங்கள் போனிலிருந்து டிவிஆரின் உள் ஐபியை அப்படியே தட்டலாம். எது செய்தாலும், சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

போன கையோடு, போட்டுவைத்த போர்ட் ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டு, யுபிஎன்பி (கருவிகள் தாங்களே போர்ட் திறக்கும் வசதி), டபிள்யூபிஎஸ் (பட்டனையோ பின் எண்ணையோ வைத்து வைஃபையில் சேரும் வசதி), ரிமோட் மேனேஜ்மெண்ட் (வெளியிலிருந்து ரூட்டரை மாற்றும் வசதி) மூன்றையும் அணைத்துவிடுங்கள். எம்டியு (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அளவு) 1492 என்று இருந்தால் தொடாதீர்கள், பிபிபிஓஇ இணைப்பில் அப்படித்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் பிறகும் சொந்தமாக ஒரு பொது முகவரி வேண்டும் என்று தோன்றினால் நெட் கம்பெனிக்கு போன் செய்யுங்கள். "போர்ட் திறக்கவில்லை" என்று சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "என் இணைப்பு சிஜிநாட்டில் இருக்கிறது, ஸ்டாடிக் பப்ளிக் ஐபி தருவீர்களா, ஜிஎஸ்டியோடு வருடத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.