தேதி வரிசை ஏன் குழம்புகிறது? டேட்டாபேஸ் கேள்வி பதில்

கேள்வி: பில் தேதி ஃபீல்டில் 15/12/2021, 02/01/2024 என்றெல்லாம் இருக்கிறது. வரிசைப்படுத்த ஆர்டர் பை கொடுத்தால் 2024 பில்தான் முதலில் வருகிறது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. அந்த ஃபீல்டு வார்கார் வகை, அதாவது வெறும் எழுத்துகளை வைக்கும் வகை. அதனால் டேட்டாபேஸ் அதைத் தேதியாகவே பார்ப்பதில்லை, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுகிறது. முதல் எழுத்தில் 0, 1-ஐ விடச் சிறியது. அத்தோடு முடிந்தது, ஆண்டு வரை போவதே இல்லை. ஆர்டர் பைக்குள், எழுத்தைத் தேதியாக மாற்றும் எஸ்டிஆர்_டு_டேட் ஃபங்ஷனைப் போட்டு, வடிவத்தை '%டி/%எம்/%ஒய்' என்று கொடுங்கள். டி-யும் எம்-மும் சின்ன எழுத்து, ஒய் பெரிய எழுத்து. பெரிய எம் போட்டால் அது மாதத்தின் பெயரைத் தேடும். 12 என்ற எண்ணைக் கண்டால் நல் (மதிப்பு இல்லை) என்றுதான் திருப்பித் தரும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: இதே மாற்றத்தை எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் எப்படிச் செய்வது?

பதில்: கன்வர்ட் ஃபங்ஷன், ஸ்டைல் எண் 103 (நாள்/மாதம்/ஆண்டு). தப்பான மதிப்புகள் இருக்கலாம் என்று தோன்றினால் ட்ரை_கன்வர்ட் பயன்படுத்துங்கள். குவெரி (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) பாதியில் நிற்காது.

கேள்வி: எஸ்கியூலைட் டேட்டாபேஸில் டேட் (தேதி) வகையே இல்லையே? எழுத்தாகத்தானே வைக்க வேண்டும்?

பதில்: வைக்கலாம், ஆனால் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள்: 2024-01-02. இது ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவம். இதில் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றுதான். முன்னால் வரும் பூஜ்யத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2024-2-01 என்று எழுதினால் அக்டோபர் (2024-10-01) பிப்ரவரிக்கு முன்னால் வந்து நிற்கும்.

கேள்வி: இரண்டு இடங்களிலிருந்து வந்த ரெக்கார்டுகளைச் சேர்த்துவிட்டோம். ஒன்றில் நாள் முதலில், இன்னொன்றில் மாதம் முதலில். 03/04/2023 மார்ச்சா, ஏப்ரலா?

பதில்: அந்த எழுத்தை மட்டும் வைத்து எந்த ஃபங்ஷனாலும் சொல்ல முடியாது. 25/04 என்றால் சந்தேகமில்லை, 12-க்கு மேல் மாதம் கிடையாது. இரண்டும் 12-க்குள் இருந்தால்தான் சிக்கல். ரெக்கார்டு எந்த ஃபைலிலிருந்து வந்தது என்பதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள்: இறக்குமதி எண், பதிவான நேரம், வரிசை எண் எதுவானாலும் சரி. அதை வைத்து இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் வடிவத்தில் மாற்றுங்கள். அடையாளமே இல்லையென்றால் மூல ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். தயவுசெய்து ஊகித்து நிரப்பாதீர்கள். தப்பான தேதியும் பார்க்கச் சரியான தேதி போலவே இருக்கும், பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: எஸ்டிஆர்_டு_டேட் போட்டதும் வரிசை சரியாகிவிட்டது. ஆனால் லட்சக்கணக்கான வரிகள், ரொம்ப மெதுவாக வருகிறது.

பதில்: ஒவ்வொரு முறையும் எல்லா வரியையும் மாற்றிப் பார்க்கிறது. பழைய ஃபீல்டில் இண்டெக்ஸ் (தேடலையும் வரிசையையும் வேகமாக்கும் பட்டியல்) இருந்தாலும் இந்த வரிசைக்கு உதவாது. டேட் வகையில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்த்து, ஒரே தடவை மாற்றி நிரப்பி, அதற்கு இண்டெக்ஸ் போடுங்கள். நிரப்பும் முன் அதே மாற்றத்தைச் செலக்ட் குவெரியில் ஓட்டி, நல் வரும் வரிகளைப் பாருங்கள். 15/13/2023, 'தெரியவில்லை' மாதிரியான மதிப்புகள் அங்கேதான் சிக்கும். அப்புறம் புதிய பதிவுகளை நேராக டேட் ஃபீல்டில் எழுதும்படி நிரலையும் மாற்றுங்கள். அது முடியும்வரை பழைய ஃபீல்டை நீக்க வேண்டாம்.

கேள்வி: தேதி இல்லாத வரிகள் மேலே வந்து நிற்கின்றனவே?

பதில்: ஏறுவரிசையில் மைஎஸ்கியூஎல் நல்-ஐ முதலில் வைக்கும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கடைசியில் வைக்கும். மைஎஸ்கியூஎல்லில் ஆர்டர் பையில் முதலில் 'ஃபீல்டு ஈஸ் நல்' என்று போட்டு, அடுத்து ஃபீல்டைக் கொடுங்கள், கீழே போய்விடும்.