புது ரத்தக் குழாய் வந்தால் கல்லீரல் தேறுகிறது என்று அர்த்தமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 52. ஹெபடைடிஸ் பி வைரஸால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது). ஸ்கேன் ரிப்போர்ட்டில் புதிதாக ரத்தக் குழாய்கள் உருவாகியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நல்ல அறிகுறிதானே? இவற்றைத் தடுக்க ஊசி இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

பதில்: நல்ல அறிகுறி இல்லை அம்மா. ஊசியும் வேண்டாம்.

தழும்பு விழுந்த கல்லீரலில் ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது. திணறும் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கும். அவை பெரும்பாலும் தழும்புப் பட்டைகளுக்குள்ளேயே ஓடும். ஊருக்குள் வராமல் பைபாஸில் போகிற பஸ் மாதிரி, வேலை செய்யும் செல்களுக்கு அந்த ரத்தத்தால் பயன் குறைவு. அதே புரதம் தழும்பு உண்டாக்கும் செல்களையும் தூண்டிவிடும்.

இந்த நுண்குழாய்கள் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். ரிப்போர்ட்டில் இருப்பவை பெரியவை. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் குழாயில் அழுத்தம் ஏறியதால், ரத்தம் கல்லீரலுக்கு வெளியே பிடித்த மாற்றுவழி. இதை உங்களிடம் சொல்ல யாருக்கும் இரண்டு நிமிடம் இல்லை; ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்!

அப்படி மாறிப் போகும் ரத்தத்தால் உணவுக்குழாயில் ரத்தக் குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் பார்க்கச் சொல்லுங்கள். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கார்வெடிலால் போன்ற மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும். தேவைப்பட்டால் புடைத்த குழாயை வளையம் போட்டுக் கட்டுவார்கள்.

சரி, அந்த ஊசி. பெவாசிசுமாப் என்பதைத்தான் சொல்லியிருப்பார். கல்லீரல் புற்றுநோய்க்கு வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது அது. தழும்புக்கான மருந்தே இல்லை. ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால், புற்றுநோய்க்காரர்களுக்கே முதலில் உணவுக்குழாயைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். எலிகளில் செய்த ஆய்வில், விஇஜிஎஃப்பைத் தடுத்தபோது தழும்பு கரைவதும் தடைப்பட்டது. "தெரிந்தவர்" எந்த இடத்துக்குப் போகச் சொல்கிறார், அங்கே அவருக்குக் கமிஷன் உண்டா என்று விசாரியுங்கள். ஸ்டெம் செல் பேக்கேஜ், கல்லீரலைக் கழுவும் பொடி என்று அடுத்ததாக வருவார்கள். 'இயற்கை' என்று விற்கும் மஞ்சள் கேப்சூலும் கிரீன் டீ சாறும்கூடச் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன.

ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்களா? போர்ட்டல் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தாலும் இதே மாற்றுவழிகள் வரும்; சிரோசிஸே இல்லாதவருக்கும் வரும். சிரோசிஸ் இருப்பவருக்கு உறைவும் சேர்ந்துகொள்ளலாம். "ஏற்கெனவே சிரோசிஸ்தானே" என்று விட்டுவிட்டால் உறைவு கண்ணில் படாது. அதற்கு வைத்தியமே வேறு.

அண்ணனுக்கு உண்மையில் வேண்டியது ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்கும் மாத்திரை. 2013-இல் வெளியான ஆய்வில், சிரோசிஸோடு டெனோஃபோவிர் என்ற அந்த வகை மாத்திரையைத் தொடங்கிய 96 பேரில் 71 பேருக்கு, 5 ஆண்டு கழித்துத் திசுவை எடுத்துப் பார்த்தபோது சிரோசிஸ் நிலை நீங்கியிருந்தது. உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை அவராக நிறுத்த விடாதீர்கள். அப்புறம், மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.