டிஷ்ல சிக்னல் வரலையா? கேளுங்க, சொல்றேன்

ஐப்பசி மழை ஆரம்பிச்சாலே இந்த கேள்விங்க வரிசையா வந்துரும், நோ சிக்னல்னு காட்டுது, படம் கட்டம் கட்டமா உடையுது, சத்தம் விட்டு விட்டு வருதுன்னு. மதுரைல டிஷ் மாட்டுறதும் ரிப்பேர் பாக்குறதும்தான் நம்ம தொழில், அதனால தெரிஞ்சத சொல்றேன். கேக்குறவங்க ஊரு, எந்த டிடிஎச், மெனுல ஸ்ட்ரெங்த் எவ்ளோ குவாலிட்டி எவ்ளோனு சேத்து சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, படம் வரலன்ன உடனே மாடிக்கு ஓடி டிஷ்ஷ திருப்பாதீங்க. முக்காவாசி நேரம் கோளாறு டிஷ்ல இருக்காது, வயர்லயோ கனெக்டர்லயோ தான் இருக்கும், நல்லா இருந்த டிஷ்ஷ திருப்பிட்டா ஒரு பிரச்சனை ரெண்டாயிரும்.

திருநெல்வேலி: அண்ணே, ஸ்ட்ரெங்த் 85 காட்டுது, குவாலிட்டி 0. சிக்னல் தான் இருக்கே, அப்புறம் ஏன் படம் வரல? பாக்ஸ் போயிருச்சா?

பாக்ஸ் போகல தம்பி, பயப்படாதீங்க. ஸ்ட்ரெங்த்ங்கிறது வயர் வழியா பாக்ஸுக்கு எவ்ளோ பவர் வந்து சேருதுங்கிறது மட்டும்தான், அதுல எல்.என்.பி (டிஷ்ஷுக்கு முன்னாடி கைல நீட்டிட்டு நிக்கிற, சிக்னல வாங்குற பாகம்) தானா உண்டாக்குற இரைச்சலும் சேந்தே இருக்கும், டிஷ்ஷ சுவத்த பாத்து வச்சா கூட ஸ்ட்ரெங்த் கொஞ்சம் காட்டத்தான் செய்யும். குவாலிட்டிதான் உண்மையான சேட்டிலைட் சிக்னல் எவ்ளோ சுத்தமா வருதுன்னு சொல்றது. உங்களுக்கு ஸ்ட்ரெங்த் இருக்குன்னா வயரும் எல்.என்.பியும் உசிரோட இருக்கு, டிஷ் நகந்திருக்கணும் இல்லன்னா எதிர்ல ஏதோ மறைக்குது. ரெண்டுமே 0ன்னா கதை வேற, பெரும்பாலும் எல்.என்.பிக்கு கரண்ட் போகல. பாக்ஸ்தான் அதே வயர் வழியா 13 இல்லன்னா 18 வோல்ட் மேல அனுப்புது, வயர் எங்கயாவது அறுந்தாலோ கனெக்டர்ல ஷார்ட் ஆனாலோ அது போய் சேராது.

டிஷ் நகந்துச்சான்னு பாக்கணும்னா போல்ட்டுகிட்ட போய் பாருங்க, நகந்திருந்தா துரு பிடிச்ச தடத்துக்கு பக்கத்துல புதுசா ஒரு கோடு தெரியும். உங்க வீட்டுல துணி காயப்போடுற கொடிக்கயிற டிஷ் பைப்புல கட்டிருக்கீங்களா? நிறைய வீட்டுல இதான் காரணம், நாலு ஈர பெட்ஷீட் போட்டா போதும். 60 சென்டிமீட்டர் டிஷ்ல ஓரம் 1 சென்டிமீட்டர் நகந்தாலே பார்வை 1 டிகிரியாவது மாறிரும், சேட்டிலைட் இருக்குறது 36,000 கிலோமீட்டர் உயரத்துல, அங்க அது 600 கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிரும். பக்கத்துலயே தீர்க்கரேகை கணக்குல 91.5, 93.5, 95 டிகிரின்னு வேற வேற சேட்டிலைட் வேற நிக்குது.

சென்னை, வேளச்சேரி: எங்க ஏரியால மழையே பெய்யல சார், மேகம் மட்டும் கறுத்திருக்கு, அதுக்குள்ள டிவி போயிருது. கால் மணி நேரம் கழிச்சுதான் மழை வருது. இது எப்படி?

இது ரொம்ப நல்ல கேள்வி, நிறைய பேரு இத பாத்துட்டு டிஷ்ல தான் கோளாறுன்னு நெனச்சிர்றாங்க. தூர்தர்ஷனோட இலவச டிடி ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15 சேட்டிலைட் இருக்குறது 93.5 டிகிரி கிழக்குல, சென்னைல இருந்து பாத்தா அது தென்கிழக்கு திசைல, தரைல இருந்து 68 டிகிரி உயரத்துல இருக்கு. சிக்னல் அந்த சாய்வான கோட்டுல தான் உங்க மாடிக்கு இறங்கி வருது. நம்ம ஊர் மாதிரி வெப்பமான இடத்துல சுமார் 5 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் மழை தண்ணியாவே இருக்கும், அதுக்கு மேலதான் பனிக்கட்டி. அந்த 5 கிலோமீட்டர் உயரத்துல உங்க சிக்னல் கோடு வீட்டுக்கு நேர் மேல இல்ல, தென்கிழக்கே 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. வடகிழக்கு பருவமழைல மேகம் வர்றதும் கடல் பக்கம் இருந்துதான், அதனால பள்ளிக்கரணை பக்கம் கொட்டுற மழை உங்க வீட்டுல ஒரு துளி விழுறதுக்கு முன்னாடியே உங்க சிக்னல வெட்டிரும்.

இந்த சிக்னல் கேயூ பேண்ட்ங்கிற அலைவரிசை, 11, 12 கிகாஹெர்ட்ஸ் வாக்குல. அந்த அலைய மழைத்துளி உறிஞ்சவும் செய்யும் சிதறடிக்கவும் செய்யும். கேபிள் ஆபரேட்டர் ஆஃபீஸ் மாடில பெரிய பெரிய டிஷ் பாத்திருப்பீங்க, அது சி பேண்ட், 4 கிகாஹெர்ட்ஸ், மழை அத அவ்ளோவா தொடாது.

கன மழைல பத்து நிமிஷம் போறது சகஜம், அத யாராலயும் சரி பண்ண முடியாது. ஆனா சின்ன தூறலுக்கே போகுதுன்னா உங்களுக்கு சிக்னல் கையிருப்பு கம்மின்னு அர்த்தம். வெயில் நாள்ல குவாலிட்டி எவ்ளோனு பாருங்க, அன்னைக்கே பாதிக்கு கீழ நிக்குதுன்னா மழைல தாங்காது. வெயில் நாள்ல டிஷ்ஷ பொறுமையா நகத்தி அதிகபட்ச குவாலிட்டிக்கு கொண்டு வந்து டைட் பண்ணுங்க, எல்.என்.பிய அதோட பிடிக்குள்ளயே லேசா இடம் வலமா சுத்திப் பாருங்க, அதுலயே கொஞ்சம் ஏறும், இத பாதி மெக்கானிக்குங்க செய்யறதே இல்ல. அதுக்கும் மேல வேணும்னா 60க்கு பதில் 90 சென்டிமீட்டர் டிஷ், பரப்பு ரெண்டே கால் மடங்கு, மழைக்கு நல்லாவே தாங்கும். மழை பெய்யும்போது மட்டும் தயவுசெஞ்சு மாடி ஏறாதீங்க, வழுக்குற தளம், கைல இரும்பு, மேல இடி, எந்த சீரியலுக்கும் அந்த ஆபத்து வேண்டாம்.

கோயம்புத்தூர்: வருஷம் முழுக்க நல்லா வருதுங்க, ஆனா மார்ச்ல ஒரு வாரம் தெனமும் காலைல பதினோரு மணி வாக்குல கொஞ்ச நேரம் உடையுதுங்க, அப்புறம் தானா சரியாயிடுது. வானத்துல ஒரு மேகம் கூட இல்லைங்க.

ஒண்ணும் செய்ய வேண்டாங்க. அந்த நாள்ல சூரியன் சரியா சேட்டிலைட்டுக்கு பின்னாடி வந்து நிக்கும், சூரியன்ல இருந்து வர்ற ரேடியோ இரைச்சல் டிஷ்ல குவிஞ்சு சிக்னல மூழ்கடிச்சிரும். வருஷத்துக்கு ரெண்டு தடவ, நம்ம ஊருக்கு மார்ச் நடுவுல, அப்புறம் செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும். தெனமும் சில நிமிஷம், நாலஞ்சு நாள்ல முடிஞ்சிரும். எல்லா வீட்டுக்கும் தான் இது, டிஷ் சின்னதுன்னா கொஞ்சம் அதிக நேரம் படும்.

நாகர்கோவில்: வீட்டு பக்கத்துல தென்னை நல்லா வளந்துட்டு, அதுதான் மறைக்குதான்னு எப்படி கண்டுபிடிக்க? வெட்டச் சொன்னா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

மேல கோயம்புத்தூர்க்காரருக்கு சொன்னத படிச்சீங்களா, அதுலயே உங்களுக்கு வழி இருக்கு. சூரியன் சேட்டிலைட்டுக்கு பின்னாடி நிக்கிற அந்த நாள்ல, படம் உடையுற அந்த நேரத்துல, மாடிக்கு போய் டிஷ் மேல தென்ன ஓலை நிழல் விழுதான்னு பாருங்க. விழுந்தா மரம் மறைக்குது, விழலன்னா மரத்துமேல பழி போட வேண்டாம். எந்த மீட்டரும் இத விட சரியா சொல்லாது.

மார்ச் வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா வேற அடையாளம் இருக்கு, காத்தடிக்கும்போது குவாலிட்டி ஏறி ஏறி இறங்கும், காத்து நின்னா நிக்கும். மழை விட்டப்புறமும் அரை மணி நேரம் படம் வராம இருந்தாலும் சந்தேகப்படுங்க, நனைஞ்ச ஓலை காஞ்ச ஓலைய விட நல்லா மறைக்கும். உங்க பக்கம் 93.5 டிகிரி சேட்டிலைட்டுக்கு திசை, வடக்குல இருந்து கிழக்கு வழியா எண்ணினா, கிட்டத்தட்ட 116 டிகிரி, அதாவது கிழக்குல இருந்து கொஞ்சம் தெக்க. உயரம் 69 டிகிரி, நல்ல உயரம், அதனால மரத்த வெட்ட வேண்டியதில்ல, டிஷ்ஷ மரத்துல இருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வச்சாலே பெரும்பாலும் தப்பிச்சிரும். சண்டையும் மிச்சம் மரமும் மிச்சம்.

தூத்துக்குடி: வருஷா வருஷம் எல்.என்.பி மாத்துறேன் அண்ணாச்சி, திரும்ப ஆறு மாசத்துல போயிருது. கம்பெனி மாத்தியும் பாத்துட்டேன்.

அண்ணாச்சி, எல்.என்.பி போகல, உப்புக்காத்து உங்க கனெக்டர சாப்புடுது. புது எல்.என்.பி மாட்டும்போது வயர் நுனிய வெட்டி புது கனெக்டர் போடுறாங்கல்ல, அதுனாலதான் கொஞ்ச நாள் நல்லா வருது. அடுத்த தடவ பழைய கனெக்டர கழட்டி நடு கம்பிய பாருங்க, பச்சையா இருந்தா இல்ல கறுத்திருந்தா அதான் வில்லன். டிஷ்ஷுக்கு போடுற ஆர்ஜி6 வயர், அதுல விலை கம்மியானதுல நடு கம்பி முழுச் செம்பு கிடையாது, இரும்பு மேல செம்புப் பூச்சு, கடலோரத்துல அது சீக்கிரம் துருப்பிடிச்சிரும். முழுச் செம்பு நடு கம்பி வயர் கேட்டு வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா மாத்திக்கிட்டே இருக்குறதுக்கு இது பரவால்ல.

கனெக்டர் மாட்டுறதுக்கு முன்னாடி பாக்ஸ் சுவிட்ச ஆஃப் பண்ணிருங்க, வயரோட வெளிப்பின்னல்ல ஒரு மெல்லிசு இழை நடு கம்பிய தொட்டாலும் ஷார்ட் ஆகும், பாக்ஸுக்குள்ள சப்ளை போயிரும். மாட்டினப்புறம் அது மேல ரப்பர் டேப் இறுக்கமா சுத்துங்க, சாதா கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு கோடைக்கு கூட தாங்காது, பசை உருகி உரிஞ்சிரும். எல்.என்.பிகிட்ட வயர ஒரு வளையமா கீழ தொங்கவிட்டு அப்புறம் மேல ஏத்துங்க, மழத்தண்ணி அந்த வளையத்துல சொட்டிட்டுப் போயிரும், கனெக்டருக்குள்ள இறங்காது. எல்.என்.பி முகத்துல இருக்குற பிளாஸ்டிக் மூடில விரிசல் இருந்தா அதையும் விடாதீங்க.

திருச்சி: சில சேனல் வருது, சில சேனல் மட்டும் வரல. ரீசார்ஜ்லாம் கரெக்டா இருக்கு.

காசு கட்டுற டிடிஎச்னா, வராத சேனல்லாம் எந்த டிரான்ஸ்பான்டர்னு (சேட்டிலைட்ல ஒரு கூட்டம் சேனல சேத்து அனுப்புற பாகம்) மெனுல பாருங்க. பாதி சேனல் செங்குத்து போலரைசேஷன் (அலை ஆடுற திசை), பாதி கிடைமட்டம், 13 வோல்ட் அனுப்பினா ஒண்ணு, 18 வோல்ட் அனுப்பினா இன்னொண்ணு. வயர் ரொம்ப நீளமா மெல்லிசா இருந்தா, இல்ல நடுவுல ஜாயின்ட் இருந்தா, 18 வோல்ட் மேல போய் சேரும்போது குறைஞ்சிரும், அந்தப் பக்கத்து சேனல் மொத்தமும் காணாம போயிரும். நல்ல ஒரு சின்ன வயர்ல பாக்ஸையும் சின்ன டிவியையும் மாடிக்கே தூக்கிட்டுப் போய் நேரா மாட்டிப் பாருங்க, எல்லாம் வந்துச்சுன்னா வீட்டு வயர்தான் கோளாறு, அப்பவும் வரலன்னா எல்.என்.பி.

ஃப்ரீ டிஷ்னா முதல்ல ரீஸ்கேன் பண்ணுங்க. தூர்தர்ஷன நடத்துற பிரசார் பாரதி சேனல் இடத்த ஏலம் விடுது, ஏப்ரல் வாக்குல சேனல் மாறும், சிலது போயிரும், சிலது வேற நம்பருக்கு போயிரும், அது சிக்னல் பிரச்சனையே இல்ல. கைல செட் பண்றவங்களுக்கு, எல்.என்.பி 9750/10600, அதிர்வெண் 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500, இத போட்டு குவாலிட்டி ஏறுதான்னு பாருங்க.

சேலம்: ஒரே டிஷ்ல இருந்து ரெண்டு ரூம் டிவிக்கு ஸ்ப்ளிட்டர் போட்டேன் அண்ணா. ஒரு டிவி ஓடுனா இன்னொண்ணு சொதப்புது.

இப்ப சொன்ன 13, 18 வோல்ட் கதைதான் தங்கச்சி. ஒரு பாக்ஸ் 13 கேக்குது இன்னொண்ணு 18 கேக்குது, எல்.என்.பி ஒண்ணு, அது யாரு சொல்றத கேக்கும்? ட்வின் எல்.என்.பி, அதாவது ரெண்டு வயர் மாட்டுறது, வாங்கி ரெண்டு தனித்தனி வயர் இழுங்க, அதுதான் ஒரே சரியான வழி. ஸ்ப்ளிட்டர் கேபிள் டிவிக்கு சரி, டிஷ்ஷுக்கு ஆகாது.

விழுப்புரம்: எங்களுக்கு டிஷ் இல்ல, அரசு கேபிள். பாக்ஸ் புதுசு, ஆனா படம் உறையுது.

கேபிள்ல ஸ்ப்ளிட்டர் போடலாம்னு இப்பதான் சொன்னேன், ஆனா ரெண்டா பிரிச்சா சிக்னல் பாதிக்கும் கீழ போயிரும், நாலா பிரிச்சா கால்வாசிக்கும் கீழ. தெரு வயர நேரா பாக்ஸ்ல சொருகிப் பாருங்க, நல்லா வந்துச்சுன்னா வீட்டுக்குள்ள பிரிச்சதுதான் காரணம். அப்பவும் உறைஞ்சா ஆபரேட்டர கூப்புடுங்க, அவர்கிட்ட மீட்டர் இருக்கும், உங்க முனைல அளந்து காட்டச் சொல்லுங்க, பொட்டி மாத்தித் தர்றேன்னு மட்டும் சொன்னா ஒத்துக்காதீங்க.

ராமநாதபுரம்: தாத்தா காலத்து ஆன்டனா கம்பம் மாடில நிக்குது, ரூபவாஹினி பாக்க போட்டதாம். அதுல டிஷ்ஷ மாட்டிக்கலாமா?

உங்க கடலோரத்துல அந்த கம்பம் இல்லாத மாடியே இல்ல ஒரு காலத்துல, தண்ணி மேல இலங்கை சிக்னல் தெளிவா வரும், கொழும்பு கிரிக்கெட் பாக்க ஊரே கூடும். ஆனா டிஷ்ஷுக்கு அது வேண்டாம். பழைய ஆன்டனா வெறும் கம்பிச்சட்டம், காத்து உள்ள புகுந்து போயிரும், அது கொஞ்சம் ஆடுனாலும் படம் வரும். டிஷ் முழுத்தகடு, காத்து மொத்தமும் அது மேலதான் அடிக்கும், உயரக் கம்பத்துல 1 டிகிரி ஆடினாலும் படம் உடையும், புயல்ல கம்பத்தோட சாஞ்சு ஈ.பி. லைன் மேல விழுந்தா பெரிய விபரீதம். டிஷ்ஷுக்கு உயரமே தேவையில்ல, வானம் தெரிஞ்சா போதும். தளத்துல இல்ல கைப்பிடி சுவத்துல ஆங்கர் போல்ட் போட்டு தாழ்வா மாட்டுங்க. போன் திசைகாட்டி வச்சு திசை பாக்குறப்ப இரும்புக் கம்பி, டிஷ் எல்லாத்துல இருந்தும் ரெண்டு மூணு அடி தள்ளி நில்லுங்க, பக்கத்துல வச்சா தப்பா காட்டும். அப்புறம் அந்த பழைய கம்பத்த, பயன்படலன்னா, காஞ்ச நாளா பாத்து ரெண்டு பேர் சேந்து படுக்க வச்சு கழட்டிருங்க, அடியில துரு ஏறின கம்பம் அடுத்த புயல் வரைக்கும் நிக்கும்னு நம்ப முடியாது.