சின்னப் பள்ளிக்கூடப் படிப்பு: ரீச்சரிட்டக் கேளுங்கோ

வணக்கம். துணுக்காய், முல்லைத்தீவுப் பக்கம் 29 வருசம் ஆரம்பப்பிரிவில படிப்பிச்சு, கடைசியில ஆசிரிய ஆலோசகராயும் இருந்து ஓய்வெடுத்தனான். தரம் 1 இலயிருந்து 5 வரை என்னவும் கேளுங்கோ.

கேள்வி (தாய், மாங்குளம்): மகன் தரம் 3. 247 எழுத்தும் சொல்லுவான், தமிழ்ப் புத்தகம் தடக்காமல் வாசிப்பான். ஆனால் பஸ்ஸில இருக்கிற ஊர்ப்பேர் வாசிக்கத் தெரியேல்லை, ரீச்சர்.

பதில்: தங்கச்சி, பிள்ளை வாசிக்கேல்லை, பாடமாக்கி ஒப்பிக்குது. நான் போன வகுப்பறையளில கூடுதலாய்க் கண்டது இதைத்தான். ரீச்சர் ஒரு வரி சொல்ல வகுப்பே சேர்ந்து சொல்லும், கேக்க வடிவாயிருக்கும். புத்தகத்தில இல்லாத ஒரு வரியைக் காட்டித் தனிய வாசிக்கச் சொன்னால் பிள்ளை எங்கட முகத்தைப் பாக்கும்.

இண்டைக்கு இரவு மடு, மாடு, மேடு, மூடு எண்டு நாலு சொல் எழுதிக் குடுங்கோ. மாறி மாறிச் சொன்னானெண்டால் அரவு (ா), கொம்பு (ெ, ே) மாதிரிக் குறியள் இன்னும் பிடிபடேல்லை. 'கொ'வில கொம்பு முன்னுக்கும் அரவு பின்னுக்கும் நிக்கும். பிள்ளை இடப்பக்கத்திலயிருந்து வரேக்க முதல் கொம்பிலயே மாட்டுப்படும். எழுத்து அட்டவணையைக் கொஞ்சநாள் மூடி வையுங்கோ. கிழமைக்கு ஒரு குறி மட்டும் எடுத்து, அவன் அறிஞ்ச சாமானில காட்டுங்கோ: கொட்டில், கொப்பி, சொதி. நாளுக்குப் பத்து நிமிசம் சத்தமாய் வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில இருந்து கேளுங்கோ. பத்துத்தரம் எழுத விடாதேங்கோ, கைதான் நோகும்.

கேள்வி: தரம் 5 இல வாற புலமைப்பரிசில் பரீட்சைக்கு, தரம் 3 இலயே பேப்பர் செய்ய விடலாமோ?

பதில்: வேண்டாம். கேள்வியை வாசிச்சு விளங்காத பிள்ளைக்கு வினாத்தாள் குடுத்தால் ஊகிச்சுக் கீறுறதைத்தான் பழகும். முதல் வாசிப்பு.

கேள்வி (ஆசிரியர், வவுனியா வடக்கு): முதல் நியமனம். தரம் 3, 4, 5 மூண்டும் ஒரே அறை, 17 பிள்ளையள். தரம் 5 ஐப் பாத்தால் மற்ற ரெண்டும் குழப்பம்.

பதில்: தம்பி, ஒரு அறையில மூண்டு பள்ளிக்கூடம் நடத்தப் பாக்கிறீங்கள், அதாலதான் களைக்குது. சுற்றாடல் சார்ந்த செயற்பாட்டிலயும் தமிழிலயும் ஒரே விசயத்தை மூண்டு தரத்துக்கும் வையுங்கோ. குளம் எண்டு எடுங்கோ. எல்லாரோடயும் பத்து நிமிசம் கதையுங்கோ. பிறகு தரம் 3 படம் கீறிப் பேர் எழுதட்டும், தரம் 4 ஐஞ்சு வசனம், தரம் 5 குளம் நிரம்பி வான் பாயிற நாளைப் பற்றி ஒரு பந்தி. கணிதத்தில அப்பிடிச் சேர்க்கேலாது. ஒரு தரத்தோட 15 நிமிசம் நிலத்தில இருங்கோ, மற்ற ரெண்டுக்கும் முதல்நாளே அட்டை எழுதி வைச்சிருக்கவேணும். பெரிய பிள்ளையைச் சின்னதுக்குச் சொல்லிக்குடுக்க விடலாம், ஆனால் எப்பவும் ஒரே பிள்ளையை விடாதேங்கோ. அதுவும் படிக்க வந்த பிள்ளை.

கேள்வி: இடமாற்றத்துக்கு ஆரைப் பிடிக்கிறது?

பதில்: வலயக் கல்விப் பணிமனை. என்னட்டை இல்லை.

கேள்வி (தந்தை, முல்லைத்தீவு): எங்கட பள்ளிக்கூடத்தில ரெண்டு வருசமாய் ஒருத்தரும் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி தாண்டேல்லை. இதைவிட என்ன அளவுகோல் வேணும்? மூடிப்போட்டு ரவுணுக்கு அனுப்புங்கோ.

பதில்: தரம் 5 இல எத்தினை பிள்ளையள் அண்ணை?

தந்தை: ஆறு.

பதில்: ஆறில ஒரு பிள்ளை தாண்டினால் கிட்டத்தட்ட 17 வீதம். அடுத்த வருசம் அந்தப் பிள்ளை இல்லையெண்டால் பூச்சியம். பள்ளிக்கூடம் மாறேல்லை, ஒரு பிள்ளைதான் மாறினது. வெட்டுப்புள்ளி ஆரை முன்னுக்கு எடுக்கிறதெண்டு பிரிக்கிற கோடு. மிச்சப் பிள்ளையள் என்ன படிச்சதுகள் எண்டு அது சொல்லாது.

இன்னொருவர் (கிளிநொச்சி): அண்ணை சொல்லுறது சரி. ரவுணில தரத்துக்கு ஒரு ரீச்சர் இருக்கினம்.

பதில்: இருக்கினம், அறைக்கு நாப்பது பிள்ளையும் இருக்கு. உங்கட ஆறையும் நாளாந்தம் தனித்தனியாய் வாசிக்கக் கேக்கலாம், அங்க கிழமைக்கு ஒருக்காலும் கஷ்டம். ரீச்சர் வராத நாளில வகுப்பு சும்மா இருக்கிறதெண்டால் அதுக்குச் சண்டை பிடியுங்கோ, நானும் வாறன். ஆனை திரியிற றோட்டில ஆறு வயசுப் பிள்ளை விடிய பஸ்ஸுக்கு நிக்கிறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

தந்தை: அப்ப பிள்ளையள் படிக்குதோ எண்டு நாங்கள் எப்பிடி அறியிறது?

பதில்: அதிபரிட்டச் சொல்லி ஒருநாள் வகுப்பில இருங்கோ. தரம் 2 முடிச்ச பிள்ளை முன்பின் காணாத நாலு வரியை வாசிச்சு, என்ன விளங்கினதெண்டு தன்ர சொல்லில சொல்லவேணும். 52 இலயிருந்து 17 ஐக் கழிக்கச் சொல்லி, ஏன் கடன் எடுத்தனீ எண்டு கேளுங்கோ. கொப்பியில சிவப்புச் சரி மட்டும் வரிசையாய்க் கிடந்தால் கவனம், கரும்பலகையைப் பாத்து எழுதின கொப்பி எப்பவும் வடிவாய்த்தான் இருக்கும்.

கேள்வி: தரம் 4 க்கு எந்தப் பேப்பர் நல்லம்?

பதில்: மேல சொல்லிப்போட்டன். வாசிப்பு.

கேள்வி: தரம் 2 க்கு ரியூசன்...

பதில்: வேண்டாம். பின்னேரம் விளையாட விடுங்கோ.

கேள்வி: மகள் பலகையைப் பாக்கக் கண்ணைச் சுருக்கிறாள்.

பதில்: படிப்பைப் பிறகு பாப்பம். இந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில கண் காட்டுங்கோ. அதுவரை வகுப்பில முன்வாங்கில இருத்தச் சொல்லுங்கோ.

வவுனியா வடக்குத் தம்பி, நிக்கிறீங்களோ? திங்கக்கிழமை 17 பேரையும் தனித்தனியாய் வாசிக்க விட்டு, ஆர் எந்தக் குறியில தடக்கினதெண்டு பேர் போடாமல் எழுதி இங்க போடுங்கோ. எங்க தொடங்கிறதெண்டு நான் பாத்துச் சொல்லுறன்.